நீர்மேல் ஒரு வெள்ளை

தோணிரேவு
6 அக்டோபர் 2024

இல்லை அக்கா, அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எழுதுவது எளிதாக இருக்கும்.

நலம் விசாரிக்காமலே தொடங்கிவிட்டேன். எப்படி இருக்கிறாய்? மலையில் குளிர் ஆரம்பித்திருக்குமே, நெஞ்சுச் சளி எப்படி? இங்கே நைனாவும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுத வரவில்லை. இருக்கிறோம்.

அன்றைக்குத் தொலைபேசியில் உங்கள் மடத்துத் தலைவி மதரிடம் நான் சொன்னது இரண்டே வாக்கியம். அம்மா ஏரியில் போய்விட்டாள். நாளை அடக்கம். அடைப்பு மடத்திலிருந்து நீ வர முடியாது என்று தெரியும். மீதியைக் கேட்டிருக்கிறாய்.

முகத்துவாரம் கோடை முழுக்க மணல் மூடிக் கிடந்தது. கடலைப் பார்க்காத ஏரி புழுங்கிப்போயிருந்தது. செப்டம்பர் மழையில் நீர் ஏறியதும் மணலை வெட்டித் திறக்க ஊரே மண்வெட்டியோடு போனது. கடைசி வரப்பை உடைக்கும் முன் ஒருவன் படகில் சுற்றிவந்து, தண்ணீரில் இருப்பவர்களைக் கரையேற்ற வேண்டும். வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். இந்த முறை சந்தோஷ். நம் பக்கத்து வீட்டுச் சந்தோஷ்.

இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். அம்மா மட்டும் வாய்க்காலோரம் தனியாக, கழுத்தளவு நீரில் உட்கார்ந்து. கைகள் சேற்றில். பிடித்ததைப் போடும் ஓலைப் பறி பல்லில். பறியைப் பல்லில் கடித்திருப்பவள் கூப்பிட்டால் குரல் கொடுக்க மாட்டாள். தலையை ஆட்டியிருப்பாள்.

அவன் பார்த்தான். தூரத்தில் நீர்மேல் வெள்ளையாக ஒன்று ஆடியது. நண்டு வலைக்கு மிதவையாகக் கட்டும் வெள்ளைக் கேன் என்று நினைத்தான். கேனும் அப்படித்தானே ஆடும். எல்லாரும் ஏறியாயிற்று என்று கரைக்குத் துண்டை வீசிக் காட்டினான். வெட்டினார்கள்.

ஏரி கடலுக்குப் போன சத்தம் கோயில்வரை கேட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த இழுப்பில் போன அம்மா மறுநாள் பழவேற்காட்டுக் கரையில் கிடைத்தாள். முகம் அமைதியாக இருந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். அமைதியாக இல்லை. எதையோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் ஜெஸ்ஸி


மலைமேல் மடம்
20 அக்டோபர் 2024

அன்புள்ள ஜெஸ்ஸி கண்ணுக்கு,

இறைவனின் சமாதானம் உன்னோடும் நைனாவோடும் இருக்கட்டும். சளி குறைந்திருக்கிறது. நைனா சாப்பிடுகிறாரா? உன் பொன்னேரிக் கல்லூரியில் லீவு கொடுத்தார்களா, அல்லது மறுவாரமே ரயிலேறிப் போய்ப் பாடம் நடத்தினாயா? உன்னை எனக்குத் தெரியும். நடத்தியிருப்பாய்.

உன் கடிதத்தை மதர் படித்துவிட்டு என் கையில் கொடுத்தார். தோட்டத்துக்குப் போகச் சொன்னார். அங்கே முள்ளங்கிப் பாத்தியில் உட்கார்ந்து படித்தேன்.

சந்தோஷுக்காகவும் சேர்த்துச் செபிக்கிறேன். சின்ன வயதில் அவன் மண்டையில் நான் கொட்டியிருக்கிறேன். அவன் எதையும் நின்று பார்க்க மாட்டான், ஓடிக்கொண்டே பார்ப்பான். அதற்காக இவ்வளவு பெரிய தண்டனையா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தண்டனை அவனுக்கா, அம்மாவுக்கா, நமக்கா? யாருக்கு என்றே தெரியாத தண்டனை எப்படித் தண்டனையாகும்?

அம்மா உயிர்த்தெழுவாள் என்று நம்புகிறேன். இதை உனக்கு ஆறுதலாக எழுதவில்லை. எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அம்மா தண்ணீரில் இறங்கும்போது நைனாவின் பழைய நீலத் துண்டைத்தானே தலையில் கட்டுவாள்? வெள்ளை எங்கிருந்து வந்தது?

அன்பு முத்தங்களுடன்
அக்கா எலிசபெத்


தோணிரேவு
30 நவம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். நைனா சாப்பிடுகிறார். நான் சமைக்கிறேன். இரண்டும் அளவாக. நாளை திருவருகைக்காலம் தொடங்குகிறது, இனிக் கிறிஸ்துமஸ்வரை உன்னிடம் கடிதம் தரமாட்டார்கள் என்பது நினைவிருக்கிறது. காத்திருக்கட்டும்.

துண்டைப் பற்றிக் கேட்டிருந்தாய்.

இங்கே மழை. கல்லூரிப் பிள்ளைகள் பாதிப்பேர் வரவில்லை. முகத்துவாரம் திறந்தபிறகு ஏரி ஆளே மாறிவிட்டது. தண்ணீர் ஏறி இறங்குகிறது. இறால் அப்படி வருகிறது. தடவப் போகிற பெண்களுக்குப் பறி போதவில்லை, குடத்தைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். நம் வீட்டில் மட்டும் இறால் வாங்குவதில்லை.

உபதேசியார் பிரபாகரன் வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கைகளைக் கூப்பிக்கொண்டு சொன்னார்: "காந்தாம்மா தன் உசுரக் குடுத்து ஏரிக்கு உசுரு குடுத்துட்டாங்கமா. ஆண்டவர் ஒண்ண எடுத்தா நூறு குடுப்பாரு."

நைனா கேட்டார்: "நூறு இறாலா?"

உபதேசியார் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர். ஆறுதல் சொல்லத்தான் வந்தார். ஆனால் அக்கா, அம்மாவை விலையாகக் கொடுத்து ஏரியை வாங்கிய ஒரு கடவுள் இருந்தால் அவரிடம் எனக்கு வேலை இல்லை. வேறு ஒருவர் இருக்கிறாரா? உன்னிடம்தான் கேட்க முடியும்.

நேற்று வெள்ளிக்கிழமைப் பூசையில் வாசகம், புதிய வானம் புதிய பூமி பற்றி. அதில் கடல் இருக்காதாம். பின்னால் யாரோ ஒரு பெண், "அப்ப நாம இன்னா வேலைக்குப் போறது?" என்றாள். பெஞ்சே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கடல் இல்லாத ஏரியை ஒரு கோடை முழுக்கப் பார்த்திருக்கிறோம். நாறும். மீன் வயிற்றைக் காட்டி மிதக்கும். அதுவா சொர்க்கம்?

குளிருக்குக் கம்பளி போதுமா? எழுது.
ஜெஸ்ஸி


மலைமேல் மடம்
28 டிசம்பர் 2024

என் ஜெஸ்ஸிக்கு,

குழந்தை இயேசுவின் பெயரால் வாழ்த்து. கம்பளி போதும். நைனாவின் முழங்கால் வலிக்குத் தைலம் கொடுத்தனுப்ப மதர் அனுமதித்திருக்கிறார், வந்ததும் சூடுபறக்கத் தேய்த்துவிடு.

நைனா கேட்ட கேள்வியை வாய்விட்டுப் படித்தேன். மதர் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வேறு ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டாய். நான் நம்புகிறவர் எதையும் விலைக்கு வாங்குகிறவர் இல்லை. அவர் மகனையே கொன்றார்கள். அப்போதும் அவர் விளக்கம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வந்து காயத்தைக் காட்டினார். காயம் ஏன் என்று சொல்லவில்லை. காட்டினார், அவ்வளவுதான். இதற்குமேல் எனக்குத் தெரியாது.

கடலைப் பற்றி நிறைய நேரம் நினைத்தேன். இங்கே மூடுபனி இறங்கும்போது பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாகி, ஏரி மாதிரியே இருக்கும். மறுகரை தெரியாது. அதில் அம்மா தலைமட்டும் தெரிய உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். ஒருவேளை அங்கே இல்லாமல் போவது கடல் அல்ல, நடுவில் இருக்கும் மணல்மேடுதானோ? இப்படியெல்லாம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. மீன்காரி மகள் என்ற அதிகாரம்தான்.

துண்டைப் பற்றி நான் கேட்டதை நீ எழுதி, பிறகு மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

எலிசபெத்


தோணிரேவு
19 ஜனவரி 2025

அன்பு அக்கா,

தைலம் வந்தது. நைனா அதை முழங்காலில் தடவாமல் மோந்து பார்த்துவிட்டு, "எம்பொண்ணு கை வாசன" என்று தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். நான் நலம்தான். இந்தமுறை எழுத வருகிறது.

சந்தோஷைப் பற்றி எழுத வேண்டும். அவன் தண்ணீரில் இறங்குவதில்லை. படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டான். காலையில் பஸ் பிடித்து ஆரம்பாக்கம் போய் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறான். கோயிலுக்கும் வருவதில்லை. அவன் மனைவி ஜமுனாவுக்கு இது நிறைமாதம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவளே தண்ணீர்க் குடம் எடுத்துப் போகிறாள். அவனைக் கேட்டால், எனக்குக் குடத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்கிறானாம்.

ஒரு சாயங்காலம் நைனா அவன் வீட்டு வாசலில் போய் நின்றார். நான் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினேன்.

"டேய், படகு வெயில்ல வாய் பொளக்குதுடா. தண்ணில போடு."

"மாமா, என்னை அடிச்சிடு மாமா. ஒரு தபா அடிச்சிடு."

"எனக்கு முட்டி வலி. குனிஞ்சி உன்னை அடிக்க முடியாது. நீ எழுந்து நில்லு, அடிக்கிறேன்."

அவன் எழுந்து நின்றான். நைனா கையை ஓங்கினார். ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவன் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டுபேரும் அப்படியே நின்றார்கள். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்ததால் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

பூநாரைகள் வந்துவிட்டன. நேற்றுக் கரையில் நின்று பார்த்தேன். தூரத்தில் வெள்ளை வெள்ளையாக. எது பறவை, எது கேன், எது தலை? கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நேரமெடுத்துப் பார்த்தேன். ஒன்று கழுத்தை நிமிர்த்தும்வரை தெரியவில்லை அக்கா. எனக்கும் தெரியவில்லை.

சளி வராமல் பார்த்துக்கொள்.
ஜெஸ்ஸி


மலைமேல் மடம்
9 பிப்ரவரி 2025

ஜெஸ்ஸி,

ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. உடம்பு பரவாயில்லை. ஜமுனாவுக்குச் சுகமாகப் பிறக்கட்டும்.

உன் கடிதத்தில் ஓங்கிய கை எனக்குள் இன்னும் இறங்கவில்லை.

இதை நேராகவே கேட்கிறேன். போன வருடம் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தபோது எனக்குக் கறுப்பு முக்காடு தந்தார்கள். அதுவரை நான் தலையில் அணிந்த வெள்ளை முக்காட்டை, அம்மாவிடம் இருக்கட்டும் என்று பார்சலில் அனுப்பினேன். வந்து சேர்ந்தது, பீரோவில் வைத்திருக்கிறேன் என்று அம்மா சொல்லி நீதான் எழுதினாய்.

பீரோவைத் திறந்து பார். அது அங்கே இருக்கிறதா?

அக்கா


தோணிரேவு
3 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு, நலம் என்று நானே நம்பிக்கொள்கிறேன். நாளை மறுநாள் சாம்பல் புதன். தவக்காலத்தில் உனக்குக் கடிதம் இல்லை. உயிர்ப்பு ஞாயிறு முடிந்துதான் இது உன் கைக்கு வரும். அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

ஜமுனாவுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். நைனா போய்ப் பார்த்துவிட்டு, மூக்கு மட்டும் சந்தோஷ் மாதிரி இல்லை, தப்பித்தது என்றார்.

அவன் என்னைத் தேடி வந்தான். வாசலுக்குள் வராமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஜெஸ்ஸிக்கா, கொயந்திக்கு ஞானஸ்நானம் வெக்கணும். நீதான் ஞானத்தாயா நிக்கணும்."

"ஊர்ல வேற ஆளே இல்லியா?"

"இருக்காங்க. நீ நிக்கலன்னா வெக்கறதா இல்ல."

அவன் போகவில்லை. வேலியிலிருந்து ஒரு குச்சியை உருவி, உடைத்து, உடைத்து, ரொம்பச் சின்னதாக ஆனபிறகு கேட்டான்:

"அக்கா, கடைசி நாளில எல்லாரும் எழுந்திருப்பாங்கன்னு சொல்றாங்களே. மெய்யா?"

"ஏன்டா?"

"எல்லாரும் அதச் சொல்லித்தான் ஆறுதல் பண்றாங்க. எனக்கு அதான் பேஜாரா கீது. அத்த எழுந்து வந்து என்னைப் பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

அக்கா, நான் நிறையப் படித்தவள். தீமை ஏன் என்று எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். வகுப்பில் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். நம்பிக்கையைக் கண்டு ஒருவன் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. அவனுக்கு உயிர்த்தெழுதல் மெய். நம் எல்லாரையும்விட அவனுக்குத்தான் மெய்.

ஞானத்தாய் நின்றால் குழந்தைக்காக வாய்விட்டு நம்புகிறேன் என்று சொல்ல வேண்டும். அம்மா போனதிலிருந்து பூசையில் அந்த வார்த்தை வரும்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். பொய்யாகச் சொல்லிப் பிள்ளையைத் தூக்க மாட்டேன். ஞானஸ்நானம் மே மாதத்தில். அதற்குள் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: பீரோவில் இல்லை.

ஜெஸ்ஸி


மலைமேல் மடம்
24 ஏப்ரல் 2025

ஜெஸ்ஸி,

உயிர்ப்பு வாழ்த்து. எழுத வேண்டும் என்று எழுதுகிறேன். நைனாவைக் கேட்டதாகச் சொல்.

பீரோவில் இல்லை. இவ்வளவு சின்ன பதிலுக்கு நீ ஐந்து மாதம் எடுத்துக்கொண்டாய். தவக்காலத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். நீ சொல்லாததால் தெரிந்தது. ஆனாலும் அது காகிதத்தில் வரும்வரை இல்லாததுபோல நடந்துகொண்டேன்.

பாஸ்கா இரவில் எல்லாரும் அல்லேலூயா பாடினார்கள். எனக்குக் குரல் வரவில்லை. தொண்டை சரியில்லை என்று சொன்னேன்.

நான் அனுப்பியது நல்ல பொருள்தானே ஜெஸ்ஸி? நான் கடவுளுக்குக் கொடுத்த நாட்கள் எல்லாம் அதில் இருந்தன. அதை வேறு யாருக்கு அனுப்புவேன்? அம்மா நீலத் துண்டைக் கட்டியிருந்தால் அவன் பார்த்திருப்பான். ஏரியில் நீல நிறத்தில் மிதவை ஏது? உலகத்தில் எத்தனையோ தீமை இருக்கிறது, மனிதர்கள் செய்வது, கடல் செய்வது. இது எதில் சேரும்? யாரும் கெட்டவர் இல்லை. ஒரு கெட்ட எண்ணம் இல்லை. எல்லாம் அன்பு. அன்பிலேயே திரித்த சுருக்குக்கயிறு.

மதரிடம் சொன்னேன். அவர் விளக்கம் தேடாமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்கு நன்றியோடு இருக்கிறேன்.

அந்தத் துணி உன்னிடம் இருந்தால் அனுப்பிவிடு. என் அறையில் வைத்துக்கொள்கிறேன். இனி அது யார் கண்ணிலும் படவேண்டாம்.

அக்கா


தோணிரேவு
11 மே 2025, ஞாயிறு காலை

என் அன்பு அக்காவுக்கு,

வணக்கம். நீ சாப்பிட வேண்டும். தொண்டைக்கு வெந்நீர் குடி. நைனா இங்கே இன்றைய ஞானஸ்நானத்துக்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார், காலரைத் தீய்த்துவிட்டார்.

துணி என்னிடம்தான் இருக்கிறது. அம்மாவைக் கொண்டுவந்தபோது தலையில் இறுகியிருந்தது. நான்தான் அவிழ்த்தேன். முடிச்சு பிரியாமல் பல்லால் இழுத்தேன். உப்பு.

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். பயந்து மறைத்தேன், மறைத்ததில் நல்லதையும் சேர்த்து மறைத்துவிட்டேன். அம்மா அதைப் பீரோவில் வைத்தது ஒரு வாரம்தான். பிறகு ஒருநாள் எடுத்துக் கட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினாள். நான் கத்தினேன். "எம்பொண்ணு தலைல இருந்தது என் தலைல இருந்தா தப்பா? அவ அங்க உள்ள உக்காந்து செபம் பண்றா, நான் இங்க சேத்துல உக்காந்து பண்றேன். போடி!" என்றாள். அன்றிலிருந்து தண்ணீரில் எல்லாப் பெண்களும் அவளை "காந்தா சிஸ்டர், ஸ்தோத்திரம்!" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் சேற்றுக் கையைத் தூக்கி ஒவ்வொருத்திக்கும் ஆசீர்வாதம் கொடுப்பாள். நாறுகிற அந்த ஏரியில், அந்தக் கோடை முழுக்க, அவ்வளவு சிரிப்பு. நீ அனுப்பியதில் அதுவும் வந்தது. இதைத் தராசில் வைக்கவில்லை. வைத்தால் நானும் உபதேசியார்தான். நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

போன வாரம் சந்தோஷ் வீட்டுக்குப் போனேன். ஞானத்தாய்தான் குழந்தைக்கு வெள்ளைத் துணி கொண்டுவர வேண்டும். உபதேசியார் பொன்னேரிக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்றார். நான் இதை எடுத்துப்போனேன். கேட்காமல் போர்த்தினால் அது பழிவாங்குவது. அதனால் முதலில் அவன் முன்னால் விரித்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரொம்பநேரம் தொடாமல் இருந்தான். பிறகு விரலால் தொட்டான். ஓரத்தில் ஏரிச்சேறு கறையாக நிற்கிறது, எத்தனை வெளுத்தும் போகவில்லை. அந்த இடத்தைத் தொட்டான்.

"துணிக்கா," என்றான். "கிட்டப் பாத்தா துணிதான்."

ஜமுனா குழந்தையை அதன்மேல் கிடத்தினாள். அது கையைக் காலை உதைத்து ஒரு மூலையை வாயில் வைத்துச் சப்பியது.

அப்போதுதான் அவன் மார்ச்சில் கேட்டதற்குப் பதில் சொன்னேன். "டேய், அம்மா எழுந்து வந்து உன்னைப் பாத்தா இன்னா கேப்பாங்க தெரியுமா? ‘ஏன்டா எடுபட்ட பயலே, என்னப் பாத்தா கேன் மாதிரியா கீது?’னு கேப்பாங்க. ஊருக்கே கேக்கற மாதிரி கேப்பாங்க. நீ பதில் சொல்லித்தான் ஆவணும்."

அவன் சிரித்தான் அக்கா. சிரிப்பு நடுவில் உடைந்தது. ஜமுனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் அவனும் உட்கார்ந்து அழுதோம், அம்மாவின் குரல் அப்படியே வந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி.

சொன்னபிறகுதான் கவனித்தேன். கேட்பாள் என்றுதான் சொன்னேன். கேட்டிருப்பாள் என்று சொல்லவில்லை.

ஏன் நடந்தது என்று எனக்கு இப்போதும் தெரியாது. யாராவது விளக்கினால் எழுந்து போய்விடுவேன். ஆனால் அந்த வாய் எதையோ சொல்ல எடுத்தபடி நின்றுபோனது. அதை அவள் சொல்லி முடிக்காமல் உலகம் முடியக்கூடாது. நான் நம்புவது இவ்வளவுதான். இது போதுமா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஆனால் இதை வைத்துக்கொண்டு இன்று அந்த வார்த்தையைச் சொன்னால் அது பொய்யில்லை.

குழந்தைக்குக் காந்தா என்றுதான் பெயர். ஜமுனா கேட்டாள், நைனா தலையாட்டினார்.

துணியை உனக்கு அனுப்ப மாட்டேன். வருத்தப்படாதே. அதை எல்லாரும் பார்க்கட்டும். கிட்டத்தில் பார்க்கட்டும்.

சந்தோஷ் நேற்றுப் படகைத் திருப்பிப் போட்டான். இன்னும் தண்ணீரில் தள்ளவில்லை.

மணி அடிக்கிறது. நீ பாடு அக்கா.

உன் ஜெஸ்ஸி


ஜெஸ்ஸி கடிதத்தை ஒட்டி, போகிற வழியில் தபால்பெட்டியில் போட நைனாவிடம் கொடுத்தாள். கொடியிலிருந்து துணியை எடுத்தாள். ஓரத்தில் இன்னும் ஈரம் இருந்தது. நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.